பஸ்ஸில் சாதனம் கண்டறிதல்

கணினிப் பலகையில் செயலியோடு மற்றச் சிப்புகளைச் சேர்க்கும் பொதுக் கம்பித்தடத்தை பஸ் என்கிறோம். அதில் எந்தெந்தச் சாதனங்கள் இருக்கின்றன என்று இயங்குதளம் தெரிந்துகொண்டு, ஒவ்வொன்றையும் உரிய டிரைவரிடம் ஒப்படைப்பதே சாதனம் கண்டறிதல். எந்த டிரைவர், எந்தத் தடத்தில், எந்த விலாசங்களில் தேடலாம், எங்கே கை வைக்கக்கூடாது என்று வரம்பு கட்டுவது அதன் கட்டுப்பாடு. கேட்க எளிதாகத் தோன்றும். ஆனால் சில பஸ்களில் “யார் அங்கே?” என்று கேட்பதே சாதனத்தைக் கெடுத்துவிடும். இந்தத் துறையின் விதிகளில் பெரும்பாலானவை அப்படி ஏதாவது ஒன்று கெட்ட பிறகு எழுதப்பட்டவை.

பதில் சொல்லும் பஸ், சொல்லாத பஸ்

1992-இல் வந்த பிசிஐ பஸ்ஸில் ஒவ்வொரு அட்டையும் தன் தயாரிப்பாளர் எண்ணையும் சாதன எண்ணையும் குறித்த இடத்தில் வைத்திருக்கும். இயங்குதளம் அந்த இடத்தைப் படிக்கும். அட்டை இல்லையென்றால் எல்லா பிட்டும் 1 ஆக வரும். 1996-இல் வந்த யுஎஸ்பியும் இப்படித்தான். செருகியவுடன் சாதனம் தன் விவரங்களைத் தானே ஒப்பிக்கும். இங்கே கேட்பதால் யாருக்கும் கெடுதல் இல்லை.

அதற்கு முந்தைய ஐஎஸ்ஏ பஸ்ஸில் அந்த வசதி கிடையாது. டிரைவர் ஒரு போர்ட் எண்ணில் எதையாவது எழுதி, திரும்ப வருவதைப் பார்த்து, “இது என் அட்டையாக இருக்கலாம்” என்று ஊகிக்க வேண்டும். என்இ2000 வகை நெட்வொர்க் அட்டையைத் தேடிப் போன டிரைவர் வேறொரு அட்டையின் போர்ட்டைத் தொட்டு, கணினியையே உறைய வைப்பது அப்போது சாதாரணம். அதற்காகவே லினக்ஸ் கர்னலில் ‘ரிசர்வ்’ என்ற தொடக்க அளவுரு உண்டு. பதினறும எண்ணில் 300 தொடங்கி 32 போர்ட்டுகளை ஒதுக்கச் சொன்னால், தானாகத் தேடும் டிரைவர்கள் அந்தப் பக்கம் போகமாட்டா. அங்கே உண்மையில் இருக்கும் அட்டையின் விலாசத்தை அதற்குரிய டிரைவருக்கு மட்டும் தனியாகச் சொல்லிவிடலாம். தேடலுக்கு வேலி போடுவது, தெரிந்த விலாசத்தை நேரே கொடுப்பது என்ற இந்த இரண்டு வழிகளும் அடுத்து வந்த எல்லா ஏற்பாடுகளிலும் வேறு வேறு பெயர்களில் திரும்ப வருகின்றன.

இரண்டு கம்பியில் ஒரு தெரு

ஐஎஸ்ஏ அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. ஆனால் அதே சிக்கல் இன்றும் ஒவ்வொரு மடிக்கணினிக்குள்ளும் கைபேசிக்குள்ளும் உயிரோடு இருக்கிறது, ஐ2சி என்ற பெயரில். பிலிப்ஸ் நிறுவனம் 1982-இல் உருவாக்கிய இந்த பஸ்ஸுக்கு இரண்டே கம்பிகள். ஒன்று தரவுக்கு, மற்றது கடிகாரத்துக்கு. அதைத் தழுவி இன்டெல் 1995-இல் எஸ்எம்பஸ் என்ற கிளையை உருவாக்கியது. கணினிப் பலகையின் வெப்பமானி, மின்விசிறிக் கட்டுப்பாடு, நினைவகத் தகட்டின் விவரச் சிப் எல்லாம் அதில்தான்.

ஐ2சி விலாசம் 7 பிட். மொத்தம் 128, ஒதுக்கப்பட்டவை போக மிஞ்சுவது 112. உலகில் உள்ள ஆயிரக்கணக்கான சிப் வகைகள் இந்த 112 கதவெண்களைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் டிஎஸ்3231 கடிகாரச் சிப்பையும் எம்பியூ6050 அசைவு உணரியையும் வாங்கிவந்து ராஸ்பெர்ரி பையில் மாட்டும் கல்லூரி மாணவர் முதல் நாளே இதில் மாட்டிக்கொள்வார். இரண்டுக்கும் விலாசம் பதினறும 68. உணரியின் ஏடி0 என்ற காலை மின்னழுத்தத்தோடு இணைத்து 69-க்கு நகர்த்தினால்தான் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும்.

அந்த மாணவர் அடுத்துத் தட்டுவது ‘ஐ2சிடிடெக்ட்’ என்ற கட்டளை. திரையில் ஒரு கட்டம் விரியும். பதில் வராத விலாசங்களில் இரட்டைக் கோடு, பதில் வந்த இடத்தில் அந்த எண், ஏற்கெனவே ஒரு டிரைவர் பிடித்து வைத்திருக்கும் இடத்தில் இரண்டு ‘யூ’ எழுத்துகள். பதில் என்பது ஒரே ஒரு பிட் ஒப்புகைதான். அந்த வீட்டில் யாரோ இருக்கிறார் என்று மட்டும் தெரியும். அவர் யார் என்று தெரியாது. 68-இல் இருப்பது கடிகாரமா உணரியா என்று கட்டம் சொல்லாது.

எப்படித் தட்டுவது என்பதிலும் சங்கடம் இருக்கிறது. வெறும் விலாசத்தை மட்டும் அனுப்பி நிறுத்தும் ‘விரைவு எழுத்து’ ஒரு வழி. ஒரு பைட்டைப் படித்துப் பார்ப்பது இன்னொரு வழி. முதலாவது சில நினைவகச் சிப்புகளைக் கெடுக்கும். இரண்டாவது, எழுத மட்டுமே தெரிந்த சில சிப்புகளை, குறிப்பாக 69-இல் உட்கார்ந்திருக்கும் கடிகாரச் சிப்புகளைக் குழப்பி பஸ்ஸையே பூட்டிவிடும். ஆகவே இந்தக் கருவி எல்லாக் கதவையும் ஒரே மாதிரி தட்டாது. 30 முதல் 37 வரையிலும் 50-களிலும் படித்துப் பார்க்கும். மற்ற இடங்களில் விரைவு எழுத்து. தரவு அழியக்கூடும் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது.

திங்க்பேட் விவகாரம்

அந்த எச்சரிக்கை சும்மா வந்ததல்ல. 2000-களின் தொடக்கத்தில் லினக்ஸில் வெப்பநிலை பார்க்க ‘எல்எம்-சென்சார்ஸ்’ தொகுப்பை நிறுவிய ஐபிஎம் திங்க்பேட் உரிமையாளர்கள் சிலருக்கு, அடுத்த முறை மடிக்கணினி கிளம்பவே இல்லை. அந்தப் பலகைகளில் அட்மெல் நிறுவனத்தின் 24ஆர்எஃப்08 என்ற நினைவகச் சிப் 50-களின் விலாசங்களில் இருந்தது. இயந்திரத்தின் அடையாள விவரங்களும் அமைப்பு விவரங்களும் அதற்குள். உணரிகளைத் தேடிய நிரல் விரைவு எழுத்தால் தட்டியபோது உள்ளிருந்தது கெட்டது. வெறும் மென்பொருளால் வன்பொருள் முடங்கி, தாய்ப்பலகையை மாற்ற வேண்டிய நிலை வந்தது.

கர்னல் எழுதியவர்கள் எடுத்த நடவடிக்கை கடுமையானது. இன்டெலின் பிஐஐஎக்ஸ்4 சிப்தொகுதிக்கான எஸ்எம்பஸ் டிரைவர், பலகையின் அடையாளப் பட்டியலில் ஐபிஎம் பெயரைப் பார்த்தால், ‘உங்கள் நினைவகம் கெட்டுப்போகலாம்’ என்ற பொருளில் ஒரு செய்தியை எழுதிவிட்டு ஏறவே மறுக்கும். ஐ2சி மையக் குறியீட்டிலும் அப்போது ஒரு தடுப்பு இருந்தது. 50-களில் விரைவு எழுத்தால் தட்டிய பிறகு, 24ஆர்எஃப்08 கெடாமலிருக்க, உடனே இன்னொரு முறை அதே விலாசத்தைத் தொட்டு நிலையைச் சரிசெய்யும் வரிகள் அவை.

லினக்ஸ் கட்டிய வரம்புகள்

பழைய ஐ2சி டிரைவர் ஒவ்வொன்றுக்கும் மூன்று அளவுருக்கள் இருந்தன. ‘புரோப்’ என்றால் இந்த விலாசத்தையும் சேர்த்துப் பார். ‘இக்னோர்’ என்றால் இதைத் தொடாதே. ‘ஃபோர்ஸ்’ என்றால் சந்தேகப்படாமல் இது உன் சிப்தான் என்று எடுத்துக்கொள். பஸ் எண், விலாசம் என்ற ஜோடிகளாக அவற்றைக் கொடுக்க வேண்டும். தவறான ‘ஃபோர்ஸ்’ எவ்வளவு பொல்லாதது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

2007-இல் வந்த 2.6.22 பதிப்பு ஏற்பாட்டையே மாற்றத் தொடங்கியது. தேடுவது டிரைவரின் வேலையல்ல. சாதனம் இருப்பதாக யாராவது அறிவித்த பிறகே டிரைவர் அழைக்கப்படும். அந்த அழைப்புக்கும் ‘புரோப்’ என்றே பெயர் வைத்தது இன்றுவரை புதியவர்களைக் குழப்புகிறது. இந்தப் ‘புரோப்’ எதையும் தேடுவதில்லை. ஏற்கெனவே தெரிந்த சாதனத்தைப் பொறுப்பேற்கிறது.

ஆனால் கணினிப் பலகைகளின் வெப்பமானிகளை அறிவிப்பவர் யாரும் இல்லை. ஆகவே 2008-இல் 2.6.27 பதிப்பில் தேடலுக்கென்றே ‘டிடெக்ட்’ என்ற தனி வாசல் திறக்கப்பட்டது. அதற்கு மூன்று தாழ்ப்பாள்கள். டிரைவர் தேட விரும்பும் விலாசங்களைப் பட்டியலிட வேண்டும். டிரைவர் தன் வகுப்பைச் சொல்ல வேண்டும். அதே வகுப்பை ஏற்கும் பஸ்ஸில் மட்டுமே தேடல் நடக்கும். கடைசியாக, ‘டிடெக்ட்’ சிப்பின் பதிவேடுகளைப் படித்து அடையாளம் உறுதியானால்தான் ஒப்புக்கொள்ளலாம். 2009-இல் 2.6.31 பதிப்பில் ‘நியூ_டிவைஸ்’ என்ற கோப்பு வந்தது. சிப்பின் பெயரையும் விலாசத்தையும் அதில் எழுதினால் சாதனம் உருவாகும். ‘டெலீட்_டிவைஸ்’ கோப்பில் எழுதினால் நீங்கும். கர்னலைத் திரும்பக் கட்டாமலே நிர்வாகி ஒரு வரியில் வேலையை முடிக்கலாம்.

அடையாளத்தை உறுதி செய்வது எல்லாச் சிப்பிலும் எளிதல்ல. 48-இல் தொடங்கும் விலாசங்களில் அமரும் எல்எம்75 வெப்பமானிக்கு அடையாளப் பதிவேடே கிடையாது. அதன் டிரைவர் துப்பறிவாளர்போல நடந்துகொள்கிறது. பயன்படாத பதிவேடுகளைப் படித்தால் கடைசியாகப் படித்த மதிப்பே வருகிறதா, 8 பதிவேடுகளுக்கு ஒருமுறை எல்லாம் திரும்ப வருகிறதா என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறது. கைரேகை இல்லாதபோது நடையை வைத்து ஆளை அடையாளம் காண்பதுபோல.

டெல் மடிக்கணினியும் இத்தாலியச் சிப்பும்

1987-இல் இத்தாலியின் எஸ்ஜிஎஸ் நிறுவனமும் பிரான்ஸின் தாம்சன் குறைக்கடத்திப் பிரிவும் இணைந்து உருவானது எஸ்டிமைக்ரோஎலக்ட்ரானிக்ஸ்.  அதன் முடுக்க உணரிகளில் ‘ஹூ ஆம் ஐ’ என்றே பெயர்கொண்ட ஒரு பதிவேடு உண்டு. அதைப் படித்தால் சிப் தன் வகை எண்ணைச் சொல்லும். தேடும் டிரைவருக்கு இதைவிட நல்ல அண்டைவீட்டார் கிடைக்கமாட்டார்.

அப்படிப்பட்ட எல்ஐஎஸ்3எல்வி02டி குடும்பச் சிப்புகளைத்தான் டெல் தன் மடிக்கணினிகளில் வைத்தது. கணினி கையிலிருந்து நழுவினால் விழுவதை உணர்ந்து, வட்டின் தலையைப் பத்திரமாக ஒதுக்கச் சொல்வது அதன் வேலை. டெல்லின் பயாஸ் இப்படியொரு சாதனம் இருக்கிறது என்று இயங்குதளத்துக்குச் சொன்னது. ஐ2சி விலாசத்தை மட்டும் சொல்லவில்லை. ஊரைச் சொல்லிவிட்டுக் கதவெண்ணை விட்டுவிட்ட கல்யாணப் பத்திரிகை மாதிரி.

தேடிப் பார்த்துவிடலாமே என்றால், அதே பஸ்ஸில் வேறு என்னென்ன இருக்கின்றனவோ என்ற பயம். திங்க்பேட் பாடம் மறக்கவில்லை. 2018-இல் இன்டெல் எஸ்எம்பஸ் டிரைவருக்குள் ஒரு பட்டியல் சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு டெல் மாடலின் பெயரும் அதற்கு நேரே விலாசமும். பெரும்பாலானவற்றுக்குப் பதினறும 29. வாஸ்ட்ரோ வி131 மாடலுக்கு மட்டும் வேறு. அந்த வேறு விலாசத்தைத் தசமத்தில் எழுதினால் 29 வருவது கையெழுத்துப் பிரதியைத் திருத்துபவரைச் சோதிக்கவே ஏற்பட்ட தற்செயல். தன் மாடல் பட்டியலில் இல்லாதவர் ஒரு வரி சேர்த்து அனுப்ப வேண்டும்.

பிற்பாடு இந்தப் பட்டியல் டெல்லுக்கென்றே உள்ள தனி டிரைவருக்கு இடம்பெயர்ந்தது. கூடவே ஒரு அளவுரு: பட்டியலில் இல்லாத மாடலில் விலாசத்தைத் தேடிப் பார்க்கச் சொல்வது. இயல்பு நிலையில் அணைந்தே இருக்கும். ஆபத்தாகலாம் என்று விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது. இயக்கியவருக்குத் தேடல் நடக்கும்; ‘ஹூ ஆம் ஐ’ பதிவேடு சரியான எண்ணைச் சொன்னால் விலாசம் உறுதியாகும். அறிந்த மாடல்களுக்குப் பட்டியல், அறியாதவற்றுக்கு உரிமையாளரின் சம்மதம் என்ற இந்த ஏற்பாடு, இத்துறையில் நான் பார்த்தவற்றில் மிகவும் நிதானமானது.

சொல்லிக் கொடுக்கும் முறை

சிறு கருவிகளின் உலகம் தேடலைக் கிட்டத்தட்டக் கைவிட்டுவிட்டது. பலகையில் என்ன பற்றவைத்தோம் என்பது செய்தவருக்குத் தெரியும். அதைக் கர்னல் ஏன் ஊகிக்க வேண்டும்? ‘டிவைஸ் ட்ரீ’ என்ற விவரக்கோப்பில் பஸ், சிப், விலாசம் எல்லாம் எழுதப்பட்டிருக்கும். சென்னை ஐஐடியின் சக்தி செயலி 2018-இல் லினக்ஸை இயக்கியது. அது சார்ந்த ரிஸ்க்-ஃபைவ் கட்டமைப்பிலும் இதே முறைதான்: துவக்க நிரல் விவரக்கோப்பின் நினைவக விலாசத்தை ஏ1 பதிவேட்டில் வைத்துவிட்டே கர்னலுக்குள் குதிக்கிறது. ஒரு சாதனத்தைத் தொடவேண்டாம் என்றால், அதன் ‘ஸ்டேட்டஸ்’ வரியில் ‘டிஸேபிள்ட்’ என்று எழுதினால் போதும்.

பதில் சொல்லும் பஸ்களில் கட்டுப்பாட்டின் நோக்கம் வேறு. பிசிஐயில் சாதனம் இருப்பது ஐயமில்லை. அதை யார் பிடிப்பது என்பதே போட்டி. லினக்ஸில் 2014 முதல் ‘டிரைவர்_ஓவர்ரைட்’ கோப்பில் ஒரு டிரைவரின் பெயரை எழுதினால் அந்த அட்டையை மற்ற டிரைவர்கள் தொடமுடியாது. வரைகலை அட்டையை மெய்நிகர் கணினிக்குத் தாரைவார்ப்பவர்கள் இதைத்தான் நம்பியிருக்கிறார்கள். ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் இதை ஏலமாக நடத்துகிறது. ஒவ்வொரு டிரைவரும் ஓர் எண்ணைக் கூறும். 0 என்றால் ‘இது என்னுடையதேதான்’, எண் எதிர்மறையில் இறங்க இறங்க உரிமை குறையும். 0-க்கு மிக அருகில் கேட்டவருக்கே சாதனம்.

யுஎஸ்பியில் பயம் திசை மாறுகிறது. அங்கே பொய் சொல்லக்கூடியது சாதனம். 2014-இல் வெளியான ‘பேட்யுஎஸ்பி’ ஆய்வு, நினைவகக் குச்சி ஒன்று தன்னை விசைப்பலகை என்று அறிவித்துக்கொண்டு கட்டளைகளைத் தட்டச்சு செய்ய முடியும் என்று காட்டியது. லினக்ஸில் ஒவ்வொரு யுஎஸ்பி தடத்துக்கும் உள்ள ‘ஆதரைஸ்டு_டிஃபால்ட்’ கோப்பில் 0 எழுதிவிட்டால், புதிதாகச் செருகப்படும் எதுவும் நிர்வாகி 1 எழுதும்வரை வாசலிலேயே நிற்கும். விவரங்களைப் படிக்கலாம், எந்த டிரைவரும் அதைத் தொடாது.