திரையில் கண்ட திருவிளையாடல்

சமய நம்பிக்கை நூல்களால் மட்டும் வளர்வதன்று. கதை கேட்டும், கூத்துப் பார்த்தும், தேரின் பின்னே நடந்தும் நம் முன்னோர் இறைவனை அறிந்தனர். இருபதாம் நூற்றாண்டில் அப்பணியில் திரைப்படமும் பங்கு கொண்டது. மனத்துக்கு உகந்த ஒரு படம் ஒருவருடைய பக்தியின் இயல்பையே மாற்றக்கூடும் என்பதற்கு, 1965ஆம் ஆண்டில் வெளிவந்த 'திருவிளையாடல்' தக்க சான்றாகும்.

அதன் வேர் மிகப் பழமையானது. தருமி பொற்கிழி பெற்ற செய்தியைத் திருநாவுக்கரசர் தம் தேவாரத்திலேயே குறித்துள்ளார். பிற்காலத்தில் பெரும்பற்றப்புலியூர் நம்பியும், அவருக்குப் பின் பரஞ்சோதி முனிவரும் மதுரைச் சொக்கநாதரின் ஆடல்களை நூல்களாக்கினர். பரஞ்சோதியாரின் புராணம் மதுரைக் காண்டம் 18, கூடற் காண்டம் 30, திருவாலவாய்க் காண்டம் 16 என 64 படலங்களை உடையது.

டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் பயின்ற ஏ. பி. நாகராஜன் அவற்றுள் சிலவற்றையே திரைக்குத் தேர்ந்தார். விறகு விற்றது 41ஆம் படலம். தருமிக்குப் பொற்கிழி அளித்தது 52ஆம் படலம். வலை வீசியது 57ஆம் படலம். மாங்கனிக் கதையும் தக்கன் வேள்வியும் பிற புராண மரபுகளிலிருந்து வந்து சேர்ந்தவை.

படம் தோன்றிய காலத்தையும் நாம் கருதல் வேண்டும். 1952இல் 'பராசக்தி' வாயிலாகத் திரைக்கு வந்த சிவாஜி கணேசன், அதில் கோயிலின் பெயரால் நிகழும் கொடுமையைச் சாடும் இளைஞராகத் தோன்றினார். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் அதே முகம் சிவபெருமானின் முகமாயிற்று. தமிழகத்தில் பகுத்தறிவு இயக்கம் ஓங்கியிருந்த நாளில் இப்பக்திப் படம் பெருவெற்றி பெற்றது. மக்கள் உள்ளத்தில் கேள்வியும் வழிபாடும் ஒருங்கே குடியிருந்தன என்பதை இது காட்டுகின்றது.

அவ்விரண்டும் நேர்க்குநேர் சந்திக்கும் இடமே தருமியின் கதை. மகளிர் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டோ என்பது பாண்டியனின் ஐயம். அதற்கு விடையாக இறைவன் தருமியிடம் அளித்ததாகச் சொல்லப்படும் பாடல், குறுந்தொகையில் இறையனார் பெயரால் இரண்டாம் பாடலாக அமைந்துள்ளது. நக்கீரர் அதிற் குற்றம் கண்டார். இறைவனே நேரில் வந்து நெற்றிக்கண்ணைத் திறந்தபோதும் தம் கருத்தினின்று பின்வாங்கவில்லை. படத்தில் நாகேஷ் தருமியாகவும், நாகராஜனே நக்கீரராகவும் நடித்தனர். எரியுண்ட புலவர் முடிவில் மீண்டும் உயிர் பெறுகிறார்.

இக்காட்சியை நான் முதன்முதலிற் கண்டது, பால்மரக் காடு சூழ்ந்த ஒரு தோட்டத்துத் திடலில், இரு கம்பங்களுக்கு இடையே கட்டிய வெள்ளைத் துணியில். அந்நாளில் எங்கள் லயத்துச் சமயம் பெரிதும் அச்சத்தின்மேல் நின்றது. காவல் தெய்வத்துக்குப் படையல் தவறினால் காய்ச்சல் வரும் என்பார் பாட்டி, "ஏன்?" என்று கேட்டால் வாயைப் பொத்துவார். அன்றிரவு வீடு திரும்புகையில், "சாமியைக் கேள்வி கேட்டால் தப்பா பாட்டி?" என்றேன். நெடுநேரம் பேசாமல் நடந்தவர், "எரிச்ச சாமியேதானே எழுப்பியும் விட்டாரு" என்றார். அன்றுமுதல் இறைவன் எனக்கு அஞ்சத்தக்கவராக மட்டும் இல்லை, வாதாடத்தக்கவராகவும் ஆனார்.

பின்னர் ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் மூல நூலைப் பயின்றபோது வியப்பொன்று காத்திருந்தது. புராணத்திற் கதை அவ்வளவில் முடியவில்லை. பொற்றாமரைக் குளத்தில் வீழ்ந்த நக்கீரர் தம் பிழைக்கு வருந்திக் கயிலையையும் காளத்தியையும் பாடிக் கரையேறுகிறார். அடுத்த படலத்தில், அவருக்கு இலக்கணம் தெளிவாக உணர்த்துமாறு இறைவன் அகத்தியரைப் பணிக்கிறார். படமோ இப்பகுதியை விடுத்தது. என் நம்பிக்கைக்கு அடிப்படையான நிமிர்ந்த நக்கீரர், நூலில் மாணாக்கராய் அமர்ந்திருக்கக் கண்டேன்.

முதலில் ஏமாற்றமே தோன்றியது. எண்ணிப் பார்க்கையில், இரண்டும் முரணல்ல என்பது புலனாயிற்று. உண்மையெனத் தோன்றியதை அஞ்சாது உரைக்கும் துணிவைத் திரை கற்பித்தது. உரைத்த பின்னும் கற்றுக்கொள்ளும் பணிவை நூல் கற்பித்தது. துணிவற்ற பக்தி அச்சமாகும். பணிவற்ற கேள்வி செருக்காகும்.

இன்றைய மாணாக்கரும் தெய்வத்தை முதலிற் காண்பது பெரும்பாலும் திரையிலேதான். அதனை இகழ்ந்து ஒதுக்குதல் ஆசிரியர்க்கு அழகன்று. அங்கேயே அவர்களை விட்டுவிடுதலும் அழகன்று. படம் கண்ட பிள்ளையின் கையில் 52ஆம் படலத்தைக் கொடுப்போம். தொடர்ந்து வரும் இரண்டு படலங்களையும் மறவாது கொடுப்போம். நக்கீரர் எங்கே நிமிர்ந்தார், எங்கே பணிந்தார் என்பதை அப்பிள்ளை தானே கண்டறியட்டும்.