இலங்கைத் தோட்டத் தொழிலாளர் ஊதியச் சட்டங்கள்

இலங்கைத் தோட்டத் தொழிலாளர் ஊதியச் சட்டங்கள் என்பன, பிரித்தானியர் ஆட்சியில் தமிழகத்திலிருந்து இலங்கையின் கோப்பி, தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளரின் கூலியை ஒழுங்குபடுத்திய சட்டங்களாகும். இத்தொழிலாளருள் கொல்லிமலையைச் சூழ்ந்த நாமக்கல், துறையூர், முசிறி வட்டங்களைச் சேர்ந்தோரும் பலர். வேலை செய்த தீவின் சட்டம் ஒன்று, அனுப்பிய நாட்டின் சட்டம் மற்றொன்று என்பதால், கூலி ஒழுங்காகக் கிடைப்பதை உறுதிசெய்யும் பொறுப்பை நெடுங்காலம் எவ்வரசும் முழுமையாக ஏற்கவில்லை.

செக்ரோல்

தோட்டத்தின் கூலிப் பதிவேடு செக்ரோல் எனப்படும். காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுத்து, அன்று வேலை செய்தவருக்கு அதில் 'பேர்' போடப்படும். குறித்த அளவு கொழுந்து பறிக்காதவருக்கு 'அரைப்பேர்', அதாவது பாதிக் கூலி.

1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குவது சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. 1889 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டம், பதிவேட்டில் பெயர் இருந்து, முற்பணமோ அரிசியோ பெற்ற தொழிலாளியை ஒரு மாத ஒப்பந்தத்துக்கு உட்பட்டவராகக் கருதியது. அவர் எதிலும் கையொப்பமிட வேண்டியதில்லை. அரிசி வாங்கியதே போதும். மாதக் கூலியையோ, மாதம் முடிந்து 60 நாட்களுக்குள் கொடுத்தால் போதுமென்று அதே சட்டம் தோட்ட உரிமையாளருக்குத் தவணை அளித்தது. இத்தவணைக் காலத்தில் தொழிலாளர் கங்காணியிடம் கடன்படுவது தவிர்க்க இயலாததாயிற்று.

துண்டு முறை

கடன் தீர்க்கப்பட்டால் கங்காணியையும் அவர் ஆட்களையும் விடுவிக்கத் தயார் எனத் தோட்டத்துரை எழுதிக் கொடுத்த சீட்டே 'துண்டு'. புதிய தோட்டம் அக்கடனைச் செலுத்தி ஆட்களைப் பெற்றுக்கொள்ளும். செலுத்திய தொகை மீண்டும் தொழிலாளர் கணக்கிலேயே ஏறியது. ஆகவே கூலி வீதம் உயர்ந்தபோதும் கையில் கிடைத்த பணம் அந்த அளவுக்கு உயரவில்லை எனலாம். 1921 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையையும், ஒப்பந்த மீறலுக்கான சிறைத் தண்டனையையும் நீக்கியது.

இந்திய அரசின் தலையீடு

1922 இல் இயற்றப்பட்ட இந்தியக் குடியகல்வுச் சட்டம் நிலைமையை மாற்றியது. அறிவிக்கப்பட்ட நாடுகளுக்கு, விதிக்கப்பட்ட நிபந்தனைகளின்படி மட்டுமே உடலுழைப்புத் தொழிலாளர் செல்லலாம் என்றாயிற்று. பயணச் செலவைத் தொழிலாளர்மீது கடனாக ஏற்றுவது தடுக்கப்பட்டது. 1923 இல் இந்திய அரசின் முகவர் ஒருவர் கண்டியில் அமர்த்தப்பட்டார். இலங்கையில் தொழில் திணைக்களம் தோன்றியதும் அவ்வாண்டிலேயே. இந்தியத் தொழிலாளரைக் கவனிக்கவே அது முதலில் அமைக்கப்பட்டது.

இதன் தொடர்ச்சியாக 1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நிறைவேறியது. 1929 இல் நடைமுறைக்கு வந்த நாட்கூலி வீதங்கள்:

மலைநாடு: ஆண் 54 சதம், பெண் 43, சிறுவர் 32
இடைநாடு: ஆண் 52 சதம், பெண் 41, சிறுவர் 31
தாழ்நாடு: ஆண் 50 சதம், பெண் 40, சிறுவர் 30

தோட்டம் வழங்கும் அரிசியின் விலை கூலியில் கழிக்கப்பட்டதால், அவ்விலையைச் சேர்த்துப் பாராமல் இவ்வீதங்களை மதிப்பிட இயலாது. 1930களின் பொருளாதார மந்தத்தில் இவை குறைக்கப்பட்டன.

பிற்காலம்

1939 ஆகஸ்டில் இந்தியா உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கை செல்வதைத் தடைசெய்தது. 1941 ஆம் ஆண்டின் ஊதியச் சபைகள் சட்டம், இந்தியர் என்ற வேறுபாடின்றிப் பல தொழில்களுக்கும் கூலி நிர்ணயிக்க வழி செய்தது. எனினும் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்கூலி கிடைத்தது 1984 இல்தான். கொழுந்து பறிப்போரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.