தென்காசி வட்டாரத்துத் தொட்டில்

தொட்டில், கைக்குழந்தையைக் கிடத்தி ஆட்டித் தூங்கவைப்பதற்கான வீட்டுப் பொருள். தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டாரத்தில் இது இரண்டு வடிவங்களில் புழங்கிவந்துள்ளது. ஒன்று உத்தரத்தில் கட்டித் தொங்கவிடும் சேலைத் தொட்டில். தமிழகத்தின் பிற பகுதிகளில் தூளி, ஏணை என்றும் சொல்வர். மற்றொன்று நான்கு புறமும் அழி வைத்த மரத்தொட்டில். முதலாவதற்குப் பழைய நூல்சேலையும் கயிறும் போதும். இரண்டாவதற்கு நல்ல மரம், தச்சுக்கூலி, கடைசல் வேலை எல்லாம் வேண்டும். குழந்தை எழுந்து உட்காரத் தொடங்கியதும் மரத்தொட்டில் பரணுக்குப் போய்விடும். சில மாதங்களுக்கு மட்டும் பயன்படும் ஒரு பொருளுக்கு இவ்வளவு செலவு தேவையா என்ற கேள்வி இன்றைய பெற்றோருக்கு மட்டும் உரியதன்று.

இலக்கியத்தில்

குழந்தைக்கான மரப்பொருள் பற்றிய பழைய குறிப்புகள் தொட்டிலைவிடச் சிறுதேரைப் பற்றியே உள்ளன. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய இரண்டு நூல்களிலும் அது வருகிறது. பட்டினப்பாலையில் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் மூன்று சக்கரச் சிறுதேர் உருட்டுகிறார்கள். பெரும்பாணாற்றுப்படையில் தச்சர் செய்த விளையாட்டுத் தேரை இழுத்துக் களைத்த பிள்ளை, பால் குடித்துவிட்டுப் படுக்கையில் உறங்குகிறது. தென்காசிக்கு வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்ந்த பெரியாழ்வார், கண்ணனுக்குப் பிரமன் மணிகள் பதித்த பொன் தொட்டில் அனுப்பியதாகப் பாடினார். விலையுயர்ந்த தொட்டில் என்ற கற்பனை அப்போதே இருந்தது. ஆனால் அந்தப் பாடலைக் கேட்ட பெரும்பாலான குழந்தைகள் சேலையில்தான் தூங்கியிருக்கும்.

மரம் வந்த வழி

இவ்வட்டாரத்தில் தேக்குத் தொட்டில் செல்வத்தின் அடையாளமானதற்கு அரசியல் காரணமும் உண்டு. தென்காசி பிரிட்டிஷாரின் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள செங்கோட்டையோ திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1-ல்தான் அது சென்னை மாநிலத்துடன் இணைந்தது. திருவிதாங்கூரில் தேக்கும் ஈட்டியும் அரசுக்குரிய மரங்கள். ஒருவர் தன் நிலத்தில் நிற்கும் மரத்தைக்கூட விருப்பம்போல் வெட்டிவிட முடியாது. ஆகவே மலை கண்ணெதிரே இருந்தும் அதன் மரம் எளியவர் வீட்டுக்கு வரவில்லை. அவர்கள் வேம்பு, பூவரசு, பலா போன்றவற்றையே நாடினர்.

1904-ல் புனலூர் வழியாகக் கொல்லத்தையும் செங்கோட்டையையும் இணைத்த ரயில்பாதை, ஆரியங்காவு கணவாய் வழியான சரக்குப் போக்குவரத்தை எளிதாக்கியது. செங்கோட்டை, தென்காசி பகுதிகளில் மர அறுவை ஆலைகள் பெருகின. இன்று கணவாய்க்கு அப்பாலிருந்து வருவதில் ரப்பர் மரமும் உண்டு. பால் வடிப்பது நின்றபின் வெட்டப்படும் இம்மரம், பூச்சி அரிக்காதபடி பதப்படுத்தப்பட்டால் தொட்டிலுக்குப் போதுமானது. அதைத் தேக்கின் நிறம் பூசி விற்பதும் நடக்கிறது. வாங்குபவர் அழிகளின் அடிப்பக்கத்தைப் பார்ப்பது நல்லது.

அம்பாசமுத்திரம் கடைசல் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அங்கே மஞ்சள் கடம்பு மரத்தைக் கடைந்து அரக்கு நிறம் ஏற்றிச் செய்த சொப்புச் சாமான்கள் குற்றாலம் சீசன் கடைகளில் அருவிக்கு வருவோர் கண்ணில் படுபவை. கிலுகிலுப்பையும் நடைவண்டியும் அதே கடைகளில் கிடைக்கும்.

சீர்

தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பது வழக்கம். பிறகு குழந்தையைத் தகப்பன் வீட்டுக்கு அனுப்பும்போது தொட்டிலும் உடன் போகும். தாலாட்டுகளில் தாய்மாமன் கொண்டுவரும் தொட்டிலின் பெருமை பேசப்படுகிறது. மாமன் அதற்கு எப்படிப் பணம் புரட்டினான் என்பதைத் தாலாட்டு சொல்வதில்லை. தேக்குத் தொட்டிலின் வேலைப்பாடு குழந்தையின் தூக்கத்தைவிடச் சம்பந்தி வீட்டாரின் பார்வைக்காகவே அதிகம் செய்யப்பட்டது என்று கருத இடமுண்டு.

பிள்ளை பிறக்குமுன் தொட்டில் வாங்கக்கூடாது என்ற நம்பிக்கையும் செலவைக் கூட்டியது. பிறந்தபின் அவசரமாக வாங்குபவருக்குப் பேரம் பேச நேரமில்லை.

பயன்பாட்டுக் கணக்கு

விலையை அது தாங்கிய குழந்தைகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால், பழைய தேக்குத் தொட்டில் வீண் செலவல்ல. அக்கா பிள்ளைகள், தங்கை பிள்ளைகள், அடுத்த தலைமுறை என அது கைமாறிக்கொண்டே இருந்தது. 1971-ல் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஏறத்தாழ 4 குழந்தைகள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் அது 1.8. தொட்டிலின் விலை ஏறியது, தூங்கும் பிள்ளைகள் பாதிக்கும் கீழே குறைந்தனர். உறவுக்குள் கைமாற்றும் வழக்கம் இல்லாத வீட்டில் தேக்கு இன்று லாபமில்லை.

விலைக்கும் பாதுகாப்புக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அமெரிக்க விதிப்படி அழிகளுக்கு இடையே சுமார் 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது. இடைவெளி அதிகமானால் குழந்தையின் உடல் நழுவித் தலை சிக்கிக்கொள்ளும். பக்கவாட்டில் கட்டும் மெத்தைத் தடுப்புகளை அந்நாடு 2022-ல் சட்டமியற்றித் தடைசெய்தது. நம் கடைகளில் விலை கூடிய தொட்டில்களோடு அவற்றைத்தான் சேர்த்து விற்கிறார்கள். சேலைத் தொட்டிலுக்கும் குறை உண்டு. அதில் உடல் வளைந்து கிடப்பதால் சிறு சிசுவின் கழுத்து மடங்கி மூச்சு தடைபடலாம். மருத்துவர்கள் சொல்வது சமமான, உறுதியான படுக்கை, மல்லாந்த நிலை. சற்றுப் பெரிய பிள்ளைகள் தொங்கும் சேலையை முறுக்கி விளையாடிக் கழுத்து இறுகி இறந்த நிகழ்வுகளும் இந்திய மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. தூக்கம் முடிந்ததும் சேலையை முடிந்து உயர்த்திக் கட்டுவது அவசியம்.

வீட்டில் பழைய தொட்டில் இருந்தால் பூச்சைக் கவனிக்க வேண்டும். வீட்டுச் சாயங்களில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம் எனக் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பல் முளைக்கும் குழந்தை அழியைக் கடிக்கும்.

நடைவண்டியை உட்கார்ந்து உருட்டும் வாக்கருடன் குழப்பக்கூடாது. வாக்கரை 2004-ல் கனடா தடைசெய்தது. நடைவண்டியில் குழந்தை தன் காலில் நின்று, பிடித்துத் தள்ளிப் போகிறது. விலையும் குறைவு. படியிலும் வழுக்கும் தரையிலும் மட்டும் உடன் ஆள் வேண்டும்.

வெறும் தொட்டிலை ஆட்டக்கூடாது என்பர். பிள்ளைகள் நன்றாக வளர்ந்த வீட்டுத் தொட்டிலை இரவல் கேட்டு வாங்கிப்போவதை ராசியாகக் கருதும் வழக்கமும் உண்டு. அப்படிப் போன தொட்டில் அடுத்த பிரசவத்தின்போது திரும்பி வரும், சில சமயம் வேறு நிறத்தில்.