மருந்துக் கழிவுநீரில் களிமண்ணின் இடம்

நீரில் கலந்த மருந்து எச்சங்களை நீக்க இயற்கைக் களிமண்ணே மலிவான வழி என்னும் கூற்று ஆய்விதழ்களில் அடிக்கடி இடம்பெறுகிறது. எந்தக் களிமண், எந்த மருந்து, எந்த நீர் என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை காணாதவரை அக்கூற்று அரைகுறையானது.

கோடையில் பாளம் பாளமாக வெடித்து மழையில் உப்பும் கரிசல் மண்ணுக்கு அக்குணத்தைத் தருவது ஸ்மெக்டைட் குழுக் கனிமங்களாகும். அக்குழுவைச் சேர்ந்த மான்ட்மோரில்லோனைட், கட்ச், பார்மர் பகுதிகளில் வெட்டியெடுக்கப்படும் பென்டோனைட்டின் முதன்மைக் கூறாகும். இரு சிலிக்கா ஏடுகளுக்கு நடுவே ஓர் அலுமினா ஏடு அமைந்த, ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் தடிப்புள்ள அடுக்குகளால் ஆன இக்கனிமத்தில், அலுமினியம் இருக்க வேண்டிய சில இடங்களில் மெக்னீசியம் அமர்ந்துவிடுவதால் அடுக்குகள் எதிர்மின்சுமை பெறுகின்றன. அதை ஈடுகட்டச் சோடியம், கால்சியம் போன்ற நேரயனிகள், அதாவது நேர்மின்சுமை கொண்ட துகள்கள், அடுக்குகளின் இடையே தளர்வாகத் தங்குகின்றன. நீரிலுள்ள வேறு நேரயனி இவற்றை வெளியேற்றிவிட்டு அவ்விடத்தைப் பிடிப்பதே நேரயனிப் பரிமாற்றம். இதன் திறன் 100 கிராம் மான்ட்மோரில்லோனைட்டுக்கு 80 முதல் 120 மில்லிசமானம். பானை வனையவும் பீங்கான் செய்யவும் உதவும் கயோலினைட்டுக்கோ 3 முதல் 15 மட்டுமே.

சிப்ரோஃப்ளோக்சசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து, பி.எச். அளவு 6-க்குக் கீழுள்ள நீரில் நேரயனியாக இருப்பதால் இவ்வடுக்குகளின் இடையே எளிதில் நுழைகிறது; அடுக்கு இடைவெளி விரிவதை எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு ஆய்வில் காணலாம். வலிநிவாரணியான டைக்ளோஃபினாக்கின் நிலை நேர்மாறானது. நடுநிலை நீரில் அது எதிரயனியாகிவிடுவதால் களிமண் அதை விலக்கவே செய்யும். வலிப்பு நோய் மருந்தான கார்பமசெபைனுக்கு மின்சுமையே இல்லை. அதன் பிடிப்பும் தளர்வானது. நான்கிணைய அம்மோனியம் சேர்மங்களை ஏற்றிய களிமண் இவ்விரண்டையும் பிடிக்கும் என்பது உண்மையே. ஆனால் அதை இயற்கைக் களிமண் என்று அழைப்பது பொருந்தாது. ஏற்றிய சேர்மமே நீரில் கசியவும் கூடும்.

லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் மருந்து கலந்த சோதனைகள் ஆற்றுநீரின் நிலையைக் காட்டுவதில்லை என்பது இத்துறை மீதான நியாயமான குறை. வேடிக்கை என்னவென்றால், ஹைதராபாத்தை அடுத்த பட்டன்செருவில், ஏறத்தாழ 90 மருந்து ஆலைகளின் கழிவைப் பெற்ற சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளோக்சசின் இருந்ததை யோகிம் லார்சன் குழுவினர் 2007-இல் வெளியிட்டனர். சோதனைக்கூடத்தில் மிகையாகத் தோன்றிய செறிவு அங்கே நிஜமாகவே இருந்தது.

ஆகவே களிமண்ணுக்கு உரிய இடம் நகரச் சாக்கடையின் முடிவோ வீட்டுக் குழாயோ அன்று. பிற கழிவுகளோடு கலப்பதற்கு முந்தைய ஆலை வாயிலே. கால்சியமும் மட்கிய கரிமப் பொருள்களும் போட்டியிடும் பொதுக் கழிவுநீரில் பி.எச். அளவைக் குறைப்பது பெருஞ்செலவு. ஒரே மருந்து மிகுந்த சிறு கழிவுநீரோட்டத்தில் அது கைகூடும். ஆயினும் களிமண் மருந்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. மருந்தேறிய சேற்றைக் குப்பைமேட்டில் கொட்டினால் மழைநீரோடு மருந்து மீண்டும் கசியலாம். எனவே காய்ச்சி வடித்த நீரில் கண்ட ஏற்புத்திறனோடு நின்றுவிடாமல், உண்மைக் கழிவுநீரில் கிடைத்த அளவையும், பயன்படுத்திய களிமண்ணை என்ன செய்வது என்பதையும் சேர்த்துத் தராத கட்டுரைகளை ஆய்விதழ்கள் திருப்பியனுப்ப வேண்டும்.