கதவுக்கு வெளியே நின்ற படம்



போன வாரம் பேத்தி கேட்டாள்: "தாத்தா, கதைப் புக்குல இருக்கற மாதிரியே எடுத்த படம் ஏதாவது இருக்கா?" எனக்கு உடனே நினைவுக்கு வந்தது 'தி ரயில்வே சில்ட்ரன்'. அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்து எழுத்தாளர் நெஸ்பிட் அம்மையார் எழுதி 1906-இல் நூலாக வந்த சிறுவர் நாவல் அது. ஒரு நாள் மாலை இரண்டு பேர் வந்து அப்பாவை அழைத்துப் போகிறார்கள். ஏன் என்று அம்மா சொல்வதில்லை. மூன்று பிள்ளைகளோடு ரயில் பாதைக்கு அருகே ஒரு கிராமத்து வீட்டுக்குக் குடிபோகிறார். மண் சரிந்து பாதையை மூடியபோது, பிள்ளைகள் தங்கள் சிவப்பு உள்பாவாடைகளைக் கொடியாக்கி ரயிலை நிறுத்துகிறார்கள். ஒரு நாள் மூத்தவள் ராபர்ட்டா, பழைய செய்தித்தாள் ஒன்றில் அப்பா சிறையில் இருப்பதைப் படித்துவிடுகிறாள். நாட்டின் ரகசியங்களை ரஷ்யர்களுக்கு விற்றார் என்பது பொய்க் குற்றச்சாட்டு. தம்பிக்கும் தங்கைக்கும் தெரியாமல் அந்தப் பாரத்தை அவள் அம்மாவோடு சேர்ந்து சுமக்கிறாள்.

அன்றைய வாசகர்களுக்கு இது நம்பமுடியாத கதையல்ல. பிரான்சில் உளவாளி என்று 1894-இல் தண்டிக்கப்பட்ட ராணுவ அதிகாரி டிரைஃபஸ், குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்ததும் அதே 1906-இல்தான். ஜார் ஆட்சியிலிருந்து தப்பி லண்டனுக்கு வந்த ரஷ்யர்களையும் நெஸ்பிட் அறிந்திருந்தார். கதையிலும் அப்படி ஒருவர் வருகிறார்.

1970-இல் இதைப் படமாக்கியவர் நடிகர் லயனல் ஜெஃப்ரிஸ். அவர் இயக்கிய முதல் படம் இது. புத்தகத்தை அவருக்கு அறிமுகம் செய்தது அவருடைய மகள். 1968-இல் பிபிசி தொடரில் ராபர்ட்டாவாக நடித்த ஜென்னி அகட்டரே படத்திலும் ராபர்ட்டா. யார்க்‌ஷயரில் 1962-இல் மூடப்பட்டு, தன்னார்வலர்கள் உழைப்பால் 1968-இல் மீண்டும் ஓடத் தொடங்கிய கீத்லி வொர்த் பள்ளத்தாக்குப் பாதையில், நிஜமான நீராவி ரயில்களை வைத்து எடுத்தார்கள்.

பதினான்கு அத்தியாயங்களையும் இரண்டு மணி நேரத்துக்குள் அடக்க முடியாது. ஆனால் முக்கியமான ஒன்றை ஜெஃப்ரிஸ் விடவில்லை. பிள்ளைகளுக்குத் தெரிந்தது மட்டுமே நமக்கும் தெரிகிறது. கடைசியில் ரயில் புகை விலகுகிறது. நடைமேடையில் அப்பா நிற்கிறார். அவர் வீட்டுக்குள் நுழைந்ததும், இனி நமக்கு அங்கே வேலையில்லை என்று நெஸ்பிட் நம்மை அழைத்துக்கொண்டு திரும்பிவிடுவார். படத்திலும் கேமரா உள்ளே போவதில்லை, பின்வாங்கி விலகிவிடுகிறது. அழவைக்க எளிதான இடம் அது. இருந்தும் அந்தக் குடும்பத்தைத் தனியே விட்டார்கள்.

அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் என் பழைய தவறு ஒன்று உறுத்தும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்து ஏன் இல்லை என்று ஒரு பையனை வகுப்பு முழுவதும் கேட்கும்படி கேட்டேன். அவன் தலைகுனிந்து நின்றான். அவன் அப்பா சிறையில் இருப்பது மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. அதன்பின் ஓய்வுபெறும் வரை, எந்தப் பிள்ளையிடமும் வீட்டு விஷயத்தைப் பலர் முன்னால் கேட்டதில்லை. ஆனால் அவனிடம் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை.

அவன் இதைப் படிக்க நேர்ந்தால், இந்த வாத்தியாரை மன்னித்துவிடு, தம்பி.

பேரப்பிள்ளைகளோடு அந்தப் படத்தைப் பாருங்கள். முடிந்தால் புத்தகத்தை முதலில் படிக்கக் கொடுங்கள்.