ஊசி பிடித்த கரங்கள்: இஸ்லாமிய வரலாற்றில் வீட்டுக் கைத்தொழில்

அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறேன்.

இவ்வாண்டு எங்கள் மதரஸாவில் மாணவர் சேர்க்கைப் படிவங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு படிவம் என் கண்ணில் பட்டது. ‘தாயின் தொழில்’ என்ற இடத்தில் ஒரு சிறுமி ‘ஒன்றுமில்லை’ என்று எழுதியிருந்தாள். அவளுடைய தாயாரை நான் அறிவேன். கணவரை இழந்த பின், வீட்டுத் திண்ணையில் ஒரு தையல் இயந்திரத்தை வைத்துக்கொண்டு மக்கன்னாவும் குழந்தைகளின் உடுப்புகளும் தலையணை உறைகளும் தைத்து மூன்று பிள்ளைகளை வளர்ப்பவர். பெருநாள் நெருங்கிவிட்டால் ஸஹர் நேரம் வரை அவர் வீட்டு விளக்கு அணைவதில்லை. “ஏனம்மா இப்படி எழுதினாய்?” என்று கேட்டேன். “உம்மா வீட்டிலதானே தைக்கிறாங்க உஸ்தாத், அதெல்லாம் வேலையா?” என்றாள் அவள்.

அந்தப் பிள்ளையைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. நம் பேச்சிலிருந்துதான் அவள் அதைக் கற்றிருக்கிறாள். ஆனால் நம் மார்க்கத்தின் வரலாறு கற்பிப்பது வேறு. அதைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

முதல் தையல்

ஆதம் (அலை), ஹவ்வா (அலை) ஆகிய இருவரும் தடுக்கப்பட்ட மரத்தின் கனியைச் சுவைத்ததும், தம் மானத்தை மறைக்கச் சுவனத்து இலைகளைத் தம்மீது இணைத்துக்கொள்ளத் தொடங்கியதைத் திருக்குர்ஆன் அஃராஃப், தாஹா ஆகிய அத்தியாயங்களில் கூறுகிறது. அங்கு ஆளப்படும் அரபு வினைச்சொல்லின் வேர் ‘கஸஃப’ என்பது. ஒன்றன்மேல் ஒன்றை வைத்துத் தைத்து இணைப்பதை அது குறிக்கும். செருப்புத் தைப்பவரின் தொழிலுக்கும் அதே சொல்தான். மனிதகுலத்தின் முதற் பெற்றோரைப் பற்றிய செய்தியிலேயே கைவேலை வந்துவிடுகிறது. மானம் காக்கும் வேலையாகவே அது அங்கு இடம்பெறுகிறது.

நபிகளாரின் இல்லத்தில்

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. தம் ஆடையைத் தாமே தைப்பார்கள், தம் செருப்பைத் தாமே செப்பனிடுவார்கள், ஆண்கள் தம் வீடுகளில் செய்யும் வேலைகளைச் செய்வார்கள் என்று அன்னையவர்கள் விடையளித்ததாக முஸ்னத் அஹ்மதில் பதிவாகியுள்ளது. செருப்பைச் செப்பனிடுவதைக் கூற அன்னையவர்கள் பயன்படுத்தியதும் மேலே கண்ட அதே வேர்ச்சொல்தான். தையல் ‘பெண்களின் வேலை’ என்று ஒதுங்கும் நம் ஆண்பிள்ளைகளுக்கு இந்த ஒரு செய்தி போதும்.

அதே இல்லத்தில் நிகழ்ந்த மற்றொன்றும் நினைவுகூரத் தக்கது. நபி (ஸல்) அவர்கள் பயணம் சென்றிருந்தபோது, உருவங்கள் பொறித்த ஒரு திரையை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வீட்டில் தொங்கவிட்டிருந்தார்கள். திரும்பி வந்த நபியவர்கள் அதை வெறுத்தார்கள். திரை அகற்றப்பட்டது. ஆனால் துணி வீணாக எறியப்படவில்லை. அதை வெட்டி ஒன்றோ இரண்டோ தலையணைகளாகச் செய்துகொண்டதாக அன்னையவர்களே கூறுகிறார்கள். மார்க்க வரம்பும் காக்கப்பட்டது, பொருளும் பயன்பட்டது. அந்த வீட்டின் படுக்கையோ, தோலுக்குள் பேரீச்ச நார் அடைக்கப்பட்டதாக இருந்தது.

நீண்ட கரம் யாருடையது?

தம் துணைவியரில் நீண்ட கரம் உடையவரே தம்மை முதலில் வந்து சேர்வார் என்று நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை கூறினார்கள். அன்னையர் தம் கரங்களை அளந்து பார்த்தார்கள். ஆனால் நபியவர்களுக்குப் பின் முதலில் மறைந்தவர் ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள். ஹிஜ்ரி 20-இல், உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில். அவர்கள் உயரத்தில் குறைந்தவர்கள். அப்போதுதான் அச்சொல்லின் பொருள் விளங்கிற்று. ஜைனப் (ரலி) அவர்கள் தோலைப் பதப்படுத்துவார்கள், தைப்பார்கள், அதில் வரும் வருவாயைத் தர்மம் செய்வார்கள். கரத்தின் நீளம் என்பது உழைத்து வழங்கும் கொடையின் நீளம்.

உமர் (ரலி) அவர்கள் அன்னைக்கு ஆண்டுக்கு 12,000 திர்ஹம் மானியம் அனுப்பியதாகவும், அதை அவர்கள் முழுவதுமாக உறவினருக்கும் அநாதைகளுக்கும் பங்கிட்டுவிட்டதாகவும் இப்னு ஸஅத் குறிப்பிடுகிறார். வறுமையால் மட்டும் ஊசி பிடித்த கரமன்று அது.

அபூபக்ர் (ரலி) அவர்களின் மகள் அஸ்மா (ரலி) அவர்களையும் காண்போம். ஹிஜ்ரத்தின்போது பயண உணவைக் கட்ட வேறொன்றும் கிடைக்காமல், தம் இடுப்புக் கச்சையை இரண்டாகக் கிழித்துக் கட்டினார்கள். ‘இரு கச்சையுடையார்’ என்ற சிறப்புப் பெயர் பெற்றார்கள். மதீனாவில் தம் இல்லறத் தொடக்கத்தைப் பற்றி அவர்களே சொல்லும் செய்தி ஸஹீஹ் புகாரியில் உள்ளது. குதிரைக்குத் தீனி வைத்தேன், தண்ணீர் இறைத்தேன், கிழிந்த தோல் வாளியைத் தைத்தேன், மாவு பிசைந்தேன். ஆனால் ரொட்டி நன்றாகச் சுட வராது, அன்சாரிப் பெண்களே சுட்டுத் தருவார்கள் என்கிறார்கள். ஒருவருக்குத் தைக்க வரும், ஒருவருக்குச் சுட வரும். அண்டை வீட்டார் ஒருவரையொருவர் நிறைவு செய்தார்கள்.

இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவியார் கைத்தொழில் தேர்ந்தவர். தாம் செய்ததை விற்றுக் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் செலவிட்டார். இதனால் வேறு தர்மம் செய்ய முடியவில்லையே என்று கவலையுற்று நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். குடும்பத்திற்குச் செலவிடுவதிலேயே அவருக்கு நற்கூலி உண்டு என்று நபியவர்கள் உறுதியளித்தார்கள். திண்ணையில் அமர்ந்து தைக்கும் ஒவ்வொரு தாயும் அறிந்திருக்க வேண்டிய ஹதீஸ் இது.

ஒரு பெண் நெய்த ஆடை

ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்: ஒரு பெண்மணி கரையுடன் கூடிய ஒரு மேலாடையை நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவந்து, தாங்கள் அணிவதற்காக என் கையால் நெய்தேன் என்றார். நபியவர்களுக்கு அப்போது ஆடை தேவையாகவும் இருந்தது. பெற்று அணிந்துகொண்டு வெளியே வந்தார்கள். ஒருவர் அதைப் பாராட்டித் தமக்குக் கேட்டார், நபியவர்கள் கொடுத்துவிட்டார்கள். மற்றவர்கள் அவரைக் கடிந்தபோது, அணிவதற்காக அன்று, தம் கஃபனாக இருப்பதற்காகவே கேட்டதாக அவர் கூறினார். பின்னர் அதுவே அவருடைய கஃபனாயிற்று. நெய்த அப்பெண்மணியின் பெயரை அந்த அறிவிப்பு கூறவில்லை. ஆனால் அவருடைய கைவேலை ஸஹீஹ் புகாரியில் நிலைத்துவிட்டது.

அறிஞர்களும் அரசவைகளும்

கைத்தொழில் இல்மைத் தாழ்த்தும் என்று நம் முன்னோர் எண்ணியதில்லை. ஹிஜ்ரி 261-இல் மறைந்த ஹனஃபீ சட்ட அறிஞர் அபூபக்ர் அல்-கஸ்ஸாஃப், வக்ஃபுச் சட்டங்கள் பற்றிய புகழ்பெற்ற நூலை எழுதியவர். கலீஃபாவின் அவையில் மதிப்புப் பெற்றிருந்தும், செருப்புத் தைத்தே உண்டார். ‘கஸ்ஸாஃப்’ என்ற பெயரே அத்தொழிலால் வந்தது. ‘கய்யாத்’ என்றால் தையற்காரர், ‘நஸ்ஸாஜ்’ என்றால் நெசவாளர். இப்பெயர்களை அறிஞர்கள் பெருமையுடன் தாங்கினர்.

1377-இல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன், நெசவுக்கும் தையலுக்கும் அதில் தனிப் பகுதி ஒதுக்கினார். துணியை வெட்டி, உடலுக்கேற்பத் தைத்து அணிவது நகர நாகரிகத்தின் அடையாளம் என்பது அவர் கருத்து. ஹஜ்ஜில் ஆண்களுக்குத் தைத்த ஆடை தடுக்கப்பட்டதன் நுட்பத்தையும் அவர் இதைக்கொண்டே விளக்குகிறார்: இஹ்ராமில் மனிதன் தன் உலகப் பழக்கங்களை எல்லாம் களைந்து, படைக்கப்பட்ட நிலையில் இறைவன்முன் நிற்கிறான்.

ஹாஜி தையலைத் துறந்து சென்றடையும் அந்த இல்லமோ, தைத்த ஆடை அணிந்து நிற்கிறது. கஅபாவின் கிஸ்வா நெடுங்காலம் எகிப்திலிருந்து வந்தது. 1927-இல் மக்காவிலேயே அதற்கெனப் பணிக்கூடம் அமைந்தது. எகிப்திலிருந்து வருவது 1962-உடன் நின்றது. 14 மீட்டர் உயரம், 47 துண்டுகள். இயந்திரங்கள் வந்த பின்னும், பொன், வெள்ளிச் சரிகையால் எழுத்துகளைப் பின்னுவது மனிதக் கைதான்.

நம் மண்ணில்

தமிழ் முஸ்லிம்களின் வரலாறும் மரக்கல வணிகத்தோடு முடிந்துவிடவில்லை. தக்கலை பீர் முஹம்மது அப்பா அவர்கள் தறி நெய்து வாழ்ந்த மெய்ஞ்ஞானி. மேலப்பாளையம் கைலி நெசவால் வாழ்ந்த ஊர்.

பத்தமடையை அறியாதார் இலர். தாமிரபரணிக் கரையின் கோரையை அறுத்து, உலர்த்தி, ஓடும் நீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்து, பருத்தி நூற்பாவில் நெய்வது அவ்வூர் லெப்பைக் குடும்பங்களின் கலை. மிக நுண்ணியதைப் ‘பட்டுப்பாய்’ என்பர், துணிபோல் மடியும். மணமக்களின் பெயர் பொறித்த பாயும் அங்கு நெய்வர். அத்தனையிலும் வீட்டுப் பெண்களின் உழைப்பு பெரிது. புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனால் பல நாட்கள் குனிந்திருந்து நெய்த பாயை எடுத்துக்கொண்டு, நெகிழிப் பாயின் விலையோடு ஒப்பிட்டுப் பேரம் பேசுபவர்கள் நாமும்தான்.

நம் வீட்டில்

அன்புச் சகோதர சகோதரிகளே, வரலாறு பெருமை பேசுவதற்கு மட்டுமன்று. பிள்ளைகள், ஆணாயினும் பெண்ணாயினும், பொத்தான் தைக்கவும் பிரிந்த தையலைச் சேர்க்கவும் கற்கட்டும். பழைய சேலையொன்று முஸல்லா ஆகட்டும். கிழிந்த கைலி தலையணை உறை ஆகட்டும். அதற்கு அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டில் முன்மாதிரி உண்டு.

இவற்றினும் முக்கியமானது கூலி. உழைப்பாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியதாக இப்னு மாஜாவில் வருகிறது. ஆனால் கடைக்காரரிடம் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, தைத்துத் தரும் விதவைச் சகோதரியிடம் பெருநாள் கழித்துத் தருகிறேன் என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே உள்ளது. நம் புத்தாடையில் அவருடைய தூக்கம் இருக்கிறது. அந்தக் கடனோடு ஈத்காவில் நிற்பது தகுமா?

அந்தச் சிறுமியிடம் ஜைனப் (ரலி) அவர்களின் வரலாற்றைச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. படிவத்தை மட்டும் திருப்பிக் கேட்டாள். ‘ஒன்றுமில்லை’ என்பதை ஒரு கோட்டால் அடித்துவிட்டு, அருகில் ‘தையல்’ என்று எழுதினாள்.

உழைக்கும் கரங்களில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! அவற்றுக்குரிய உரிமையைக் குறைவின்றிக் கொடுப்போராக நம்மை ஆக்குவானாக! ஆமீன்.