வளையியின் புள்ளிகளும் நம் முன்னோர் கணிதமும்

கணித வரலாறு எழுதப் புகுவோருள் ஒரு சாரார், கணிதம் முழுவதும் கிரேக்கத்திலே தோன்றி ஐரோப்பாவிலே முற்றுப்பெற்றது என்பர். மற்றொரு சாரார், இன்று காணும் புதுமை யாவும் நம் பழைய ஏடுகளிலே முன்னரே கூறப்பட்டுள்ளன என்பர். முன்னையது அறியாமை. பின்னையது அதனினும் தீங்கு பயப்பது. கற்கவேண்டியவற்றைக் கற்றாயிற்று என்னும் மயக்கத்தை அது மாணவர் உள்ளத்திலே விளைத்துவிடும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட உண்மை யாது என்பதை ஒரு பொருளை எடுத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அப்பொருள், நீள்வளைய வளையியின் புள்ளிகளைக் கணினியில் எழுதிவைத்துக் கையாளும் முறையாகும்.

கண்டாவளையில் வயல் வரம்பிலே நிற்கும் ஒருவர் தம் கைத்தொலைபேசியில் வட்ஸ்அப் மூலம் கனடாவிலுள்ள தமையனுக்குச் செய்தி விடுக்கின்றார். இடையில் உள்ளோர் எவரும் அதனைப் படித்தல் இயலாது. இக்காப்புக்கு அடிப்படையாய் நிற்பது நீள்வளைய வளையியே. 1985ஆம் ஆண்டில் நீல் கொப்லிற்சு, விக்ரர் மில்லர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவரும் ஒருவரையொருவர் சாராது இதனை மறையீட்டுக்குப் பயன்படுத்தலாம் என எடுத்துரைத்தனர். வளையியில் யாவரும் அறிந்த புள்ளி ஒன்று உண்டு. அண்ணனும் தம்பியும் தத்தமக்கென ஒவ்வோர் இரகசிய எண்ணைத் தெரிந்து, அப்புள்ளியை அத்தனை தடவை கூட்டி, விடையை மட்டும் ஒருவருக்கொருவர் அனுப்புவர். வந்த புள்ளியை ஒவ்வொருவரும் மீண்டும் தம் எண்ணால் பெருக்க, இருவருக்கும் ஒரே புள்ளி கிடைக்கும். அதுவே திறவுகோல். வெளியே சென்ற புள்ளிகளைக் கண்டவன், அவை எத்தனை தடவை கூட்டிப் பெறப்பட்டன என்பதைக் காண இன்றைய கணினிகளுக்கு ஆற்றல் இல்லை.

புள்ளிகளைக் கூட்டுதல் என்றால் யாது? இதற்கு நம் நாட்டவர் நன்கறிந்த எண் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். கும்பகோணத்திலே வளர்ந்த சீனிவாச இராமானுஜன் இங்கிலாந்தில் நோயுற்றுக் கிடந்தபோது, காணவந்த பேராசிரியர் ஹாடி தாம் ஏறிவந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும், அது சுவையற்ற எண் என்றும் கூறினார். இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரு வகையில் எழுதத்தக்க மிகச்சிறிய எண் அதுவே என இராமானுஜன் உடனே விடையிறுத்தார். 12இன் கனமும் 1இன் கனமும் சேர்ந்தால் 1729. 10இன் கனமும் 9இன் கனமும் சேர்ந்தாலும் 1729.

இரு ஆள்கூறுகளின் கனங்கள் சேர்ந்து 1729 ஆகும் புள்ளிகளையெல்லாம் வரைந்தால் தோன்றுவது ஒரு நீள்வளைய வளையி. அதில் (12, 1), (10, 9) என்னும் இரு புள்ளிகளையும் நேர்கோட்டால் இணைப்போம். அக்கோடு வளையியை மூன்றாவது ஓரிடத்தில் வெட்டும். கணக்கிட்டுப் பார்த்தால் அவ்விடம் (46/3, −37/3) ஆகும். மாணவர் தாமே சரிபார்க்கலாம்: 46இன் கனம் 97336, 37இன் கனம் 50653, இவற்றின் வித்தியாசம் 46683, அதனை 3இன் கனமாகிய 27ஆல் வகுக்க 1729 வருகின்றது. இம்மூன்றாம் புள்ளியின் ஆள்கூறுகளை இடமாற்றிப் பெறும் புள்ளியே இவ்வளையியில் முன்னைய இரண்டின் கூட்டுத்தொகை எனப்படும். ஒரு புள்ளியைத் தன்னோடு கூட்ட வேண்டின் நாணுக்குப் பதிலாகத் தொடலியை வரைதல் வேண்டும். இராமானுஜனின் கைப்பிரதி ஒன்றில் இத்தகைய கனச் சமன்பாடுகள் தொடராகக் காணப்படுகின்றன. அவற்றிலிருந்து நீள்வளைய வளையிகளின் குடும்பம் ஒன்று பிறத்தலை அண்மைக் காலத்தில் கென் ஓனோவும் அவருடன் ஆய்ந்தவரும் எடுத்துக்காட்டியுள்ளனர்.

இனி, புள்ளியை எழுதும் முறையைக் கவனிப்போம். மேலே பெற்ற புள்ளியில் பின்னம் புகுந்துவிட்டது. அதனை 46, −37, 3 என மூன்று நிறைவெண்களாக எழுதின் பின்னம் ஒழிகின்றது. மூன்றாம் எண் பகுதியெண்ணைத் தாங்கி நிற்கின்றது. இவ்வாறு எழுதுவதில் மற்றுமொரு நன்மை உண்டு. இரு ஆள்கூறுகளால் எழுதவே இயலாத முடிவிலிப் புள்ளியையும் 1, −1, 0 என எழுதிவிடலாம். எண்களின் கூட்டலில் பூச்சியம் எவ்வாறோ, புள்ளிகளின் கூட்டலில் இப்புள்ளி அவ்வாறு. கணினிச் செய்நிரலாளரும் இவ்வாறே புள்ளியை மூன்று எண்களாக வைத்து, வகுத்தலை இறுதியில் ஒரே தடவை செய்வர்.

ஆயினும் கூட்டக் கூட்ட இவ்வெண்கள் வரம்பின்றி வளரும். ஆகவே மறையீட்டில் ஒரு முதன்மை எண்ணால் வகுத்து வரும் மீதிகளை மட்டுமே கொள்வர். மீதிகளின் உலகில் வகுத்தல் எவ்வாறு? 17ஐ முதன்மை எண்ணாகக் கொண்டால், 2ஆல் வகுத்தல் என்பது 9ஆல் பெருக்குதலேயாகும். இரண்டையும் பெருக்கிய 18ஐ 17ஆல் வகுக்க மீதி 1 அன்றோ? எழுபத்தேழு இலக்கங்களைக் கொண்ட எண்ணுக்கு இத்தகைய துணையெண்ணைக் காண ஒரு முறை வேண்டும். கி.பி. 499இல் ஆரியபட்டர் தம் நூலில் கூறிய குட்டகம் என்னும் முறை இப்பணியைச் செய்ய வல்லது. பெரிய எண்களை ஒன்றால் ஒன்று வகுத்து இடித்துப் பொடியாக்கிச் சிறிதாக்கிப் பின் மேலேறி விடை காண்பதால் இப்பெயர் பெற்றது. யூக்கிளிட்டின் முறையை நீட்டியதாக இன்று கணினி நூல்கள் கூறுவதும் இவ்வகை முறையே.

அடுத்து, ஒரு புள்ளியை நூறு தடவை கூட்ட வேண்டின் தொண்ணூற்றொன்பது கூட்டல்கள் வேண்டுமோ? வேண்டா. நூற்றைப் பாதியாக்க 50, அதன் பாதி 25, ஒற்றையாதலால் ஒன்று குறைக்க 24, பின் 12, 6, 3, ஒன்று குறைக்க 2, பின் 1. இவ்வழியே திரும்பி வந்தால் ஆறு இரட்டிப்பும் இரண்டு கூட்டலுமாக எட்டுச் செயல்களில் முடியும். இது யாப்பிலக்கணம் செய்த பிங்கலரின் வழி. இலகு, குரு என்னும் இருவகை அசைகளால் அமையும் விருத்தங்களின் தொகையைக் காண, இரண்டின் அடுக்கைக் கணிக்க அவர் இம்முறையைக் கூறினார். அவர் கிறித்துவுக்கு முற்பட்டவர் என்பது அறிஞர் பலர் கொள்கை. இன்று 256 துவித இலக்கங்களைக் கொண்ட இரகசிய எண்ணாற் பெருக்குதற்கும், சராசரியாக நானூறுக்கு உட்பட்ட இத்தகைய செயல்களே போதும்.

மூன்றாவது, பிரமகுப்தரின் பாவனை. கி.பி. 628இல் அவர் ஒரு சமன்பாட்டின் இரு தீர்வுகளைச் சேர்த்து மூன்றாவது தீர்வு காணும் விதியை வகுத்தார். ஒரு வர்க்கத்திலிருந்து மற்றொரு வர்க்கத்தின் இருமடங்கைக் கழிக்க 1 வருதல் வேண்டும் என்க. 3, 2 ஒரு தீர்வு. அதனைத் தன்னோடு சேர்க்க 17, 12 வரும். 289இலிருந்து 288 கழிய 1. மீண்டும் 3, 2உடன் சேர்க்க 99, 70 வரும். ஒவ்வொரு தீர்வையும் மூன்று எண்கள் கொண்ட வரிசையாக ஒன்றன்கீழ் ஒன்று எழுதிக் குறுக்கே பெருக்குதல் அக்கணிதர் வழக்கு. எழுதும் ஒழுங்கே செய்முறையைக் காட்டுமாறு அமைத்த நுட்பம் பாராட்டுதற்குரியது.

இவற்றைக் கண்டு, நீள்வளைய மறையீடு நம் முன்னோர் அறிந்ததே என்று கூறலாமோ? கூறலாகாது. பிரமகுப்தரின் வளையி அதிபரவளைவு. அது கூம்பின் வெட்டு. நீள்வளைய வளையிகள் தரும் காப்பை அது தராது. மூன்றாம் படிச் சமன்பாடுகளின் விகிதமுறு தீர்வுகளை ஆராயும் வழி அலெக்சாந்திரியாவின் டயோபாந்தசிடம் தொடங்குகின்றது. அதனை நாண், தொடலி கொண்டு விளக்கியவர் நியூற்றன். 1901இல் புவன்காரே எழுப்பிய கருத்தை, எத்தனை புள்ளிகளாயினும் முடிவுள்ள சிலவற்றிலிருந்தே பிறக்கும் என 1922இல் மோடல் நிறுவினார். இவ்வழியில் நடந்தவரே மறையீட்டையும் கண்டனர்.

நோக்கத்தின் வேறுபாடும் சிறிதன்று. பிங்கலரின் முறையில் ஒற்றை எண் வருமிடத்து மட்டும் மேலதிகச் செயல் ஒன்று நிகழும். அவருக்கு மறைக்கவேண்டியது யாதும் இருந்ததில்லை. மறையீட்டிலோ, அம்மேலதிக நேரத்தை அளந்தே இரகசிய எண்ணை அறிந்துவிடலாம். செயல் நேரத்தை அளந்து இரகசியத்தைக் கவரும் இவ்வகைத் தாக்குதலை 1996இல் போல் கொச்சர் வெளிப்படுத்தினார். ஆகவே ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரே அளவு வேலை நிகழுமாறு இன்று செய்நிரல் எழுதுகின்றனர். புள்ளியை அனுப்புவதிலும் நுட்பம் உண்டு. கிடை ஆள்கூறு தெரிந்தால் நிலை ஆள்கூறு இரண்டிலொன்றே. அவற்றுள் ஒன்று ஒற்றை, மற்றது இரட்டை. எனவே முழு ஆள்கூற்றுக்குப் பதில் ஒற்றையோ இரட்டையோ என்னும் குறிப்பை மட்டும் அனுப்ப, 65 பைற்று 33 ஆகச் சுருங்கும். ஆயின், வந்த புள்ளி வளையியில் உள்ளதோ எனப் பாராது கணிப்பவர் கேடுறுவர். வழக்கிலுள்ள கூட்டல் விதியில் சமன்பாட்டின் மாறிலி இடம்பெறுவதேயில்லை. அதனால், பகைவன் அனுப்பிய வேறொரு வளையியின் புள்ளியையும் செய்நிரல் வாய்பேசாது கூட்டிக் கொடுத்து, இரகசியத்தைச் சிறிது சிறிதாக இழக்கும். இதனை 2000ஆம் ஆண்டில் ஆய்வாளர் மூவர் எடுத்துக்காட்டினர்.

எனவே நாம் உரிமை கொண்டாடத்தக்கது கருவிகளை, கட்டடத்தை அன்று. குட்டகமும் பாவனையும் பிங்கலரின் அரைத்தலும் உலகுக்கு நம் துணைக்கண்டம் அளித்த மெய்யான செல்வங்கள். அவற்றைப் பெரிதுபடுத்திக் கூறாமலே அவை பெரியன. பழையோர் பெருமையை மேடையிலே பேசுவதினும், 46, −37, 3 என்னும் மூன்று எண்களைத் தாளிலே இட்டுக் கணித்துப் பார்க்கும் மாணவன் அப்பெருமையை நன்கு காப்பவனாவான். கிளிநொச்சி அறிவியல்நகரிலே பொறியியற்பீடம் நிற்கும் இக்காலத்தில், அம்மாணவனுக்கு மேற்செல்லும் வழி தொலைவிலில்லை. முன்னோர் விட்ட இடத்தை அறிந்தவனே அதற்கப்பால் ஓரடி எடுத்துவைக்க வல்லவன்.